படகுக்காரன் வீட்டு ஜாடி

கயானி ஊரில் வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்ததும் உள்ளே போய், சுவரில் எங்கே ஆணி ஓட்டை, கதவில் எங்கே நாய் பிறாண்டிய தடம் என்று ஒன்றுவிடாமல் எழுதி வருவதுதான் ரைலி நூட்டினெனின் பிழைப்பு. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சிலது தப்பினால்தான் நல்லது என்பது ஐம்பது தாண்டியும் அவளுக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்தால் கதை. இணையத்தில் சிலர் சேர்ந்து ஒரே கதையை முறைவைத்து எழுதி வந்தார்கள். பஞ்ச காலத்து ஏரிக்கரைக் கிராமம், ஆளுக்கொரு பாத்திரம். ரைலிக்கு மருத்துவச்சி லொவீசா. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரான என்சியோவுக்குப் படகுக்காரன் ஈவாரி. ஒருவர் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் தொடர வேண்டும். எழுதியதைப் பின்னால் அழிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தவர் பாத்திரத்தின் கைகாலை நாம் அசைக்கக் கூடாது.

ரைலி முறை வந்தால் லேசில் ஓயாது. லொவீசா ஒரு கதவைத் தட்டுவதற்குள் கதவின் மரம், தாழ்ப்பாள், தாழ்ப்பாளின் துரு எல்லாம் ஊர்வலம் போய்விடும். என்சியோ இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்.

"ரூம் பூரா நீயே சாமான அடுக்கிட்டா ஈவாரி எங்கம்மா உக்காருவான்?" என்று போனில் கேட்பார்.

"நீங்க எழுதுற ரெண்டு வரியில அவன் எங்க இருக்கான்னே தெரியலையே. அந்தரத்துலயா தொங்குறான்?" என்பாள் அவள்.

போன இலையுதிர் காலத்தில் என்சியோவின் மனைவி ஹெல்வி இறந்துபோனாள். கோடையில் கதைக் கூட்டம் முழுவதும் அவர் வீட்டில் கூடியது. சவுனா என்கிற நீராவிக் குளியல் முடிந்து எல்லோரும் காபிக்கு உட்கார, ரைலி பால் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். என்சியோ ஃபிரீசரின் கீழ்த்தட்டை இழுத்துக் குனிந்திருந்தார். உள்ளே ஒரே ஒரு டப்பா. சதுப்பில் பறித்த ஹில்லாப் பழம். மூடியில் ஹெல்வியின் கையெழுத்து. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு தட்டை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினார். ரைலி நிற்பதைக் கண்டார்.

"பால் அந்தப் பக்கம்" என்றார்.

அடுத்த வாரம் அவள் முறை. லொவீசா படகுக்காரன் குடிசைக்குப் போகிறாள். நிலவறையில் ஒரு ஹில்லா ஜாடி, அவனுடைய செத்துப்போன மனைவி மூடி வைத்தது. ஊரே பட்டினி கிடக்கும்போதும் ஈவாரி அதைத் திறப்பதில்லை. தினமும் இறங்கிப் போய் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏறி வருகிறான். இது யாருடைய கை என்றும், ஈவாரியை அசைப்பது தன் உரிமை இல்லை என்றும் எழுதும்போது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல இடம் கிடைத்துவிட்டது, விட மனமில்லை. அவ்வளவுதான் அதில் இருந்த நியாயம்.

கூட்டத்தை நடத்தும் ஓய்லி எல்லோரும் பார்க்கப் புகழ்ந்து எழுதினாள். "அந்த உள்ளங்கை இருக்கே, அழுதுட்டேன் ரைலி. உனக்கு மட்டும் இதெல்லாம் எங்கேருந்து வருதோ." மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். ரைலி நன்றி சொன்னாள். எங்கேயிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அந்த நன்றியை நினைத்தால் இன்றும் அவளுக்குக் காது மடல் சுடும்.

பிறகு என்சியோ எழுதினார். வழக்கம்போல இரண்டு வரி. ஈவாரி ஜாடியை மேலே கொண்டுவந்து திறந்தான். லொவீசா முன்னால் வைத்து, சாப்பிடு என்றான்.

படித்ததும் ரைலிக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடிய பொருளை உடையவனே முன்னால் கொண்டுவந்து வைத்தால் எந்த முகத்தோடு பார்ப்பது? உடனே போன் செய்தாள்.

"என்சியோ, தப்புப் பண்ணிட்டேன். அது எழுதுற விஷயமே இல்ல. ஓய்லிகிட்ட சொல்லி அழிக்கச் சொல்றேன்."

"எழுதினத அழிக்கிற வழக்கம் நமக்கு இல்லயே."

"இதுக்கு மட்டும்."

"எல்லாரும் மூடியத் தொட்டுப் பாத்தாச்சு ரைலி. இனிமே நான் அத உள்ள வச்சுக் காத்து என்ன ஆகப்போகுது?" அவர் குரல் உயரவே இல்லை. "டப்பாவ எடுத்து வெளிய வச்சிட்டேன். உருகிட்டிருக்கு. உன் முறைதானே, வா."

"அய்யோ, மறுபடி உள்ள வச்சிடுங்க."

"உருகினத மறுபடி வைக்கக் கூடாது. அவ திட்டுவா."

அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் வார்த்தை தேடினாள். ஒரு கதவுக்கே அத்தனை வரி எழுதுகிறவளுக்கு ஒரு வாக்கியம் கூடிவரவில்லை. சமையலறை மேசையில் ஒரு கிண்ணமும் ஒரே ஒரு கரண்டியும் வைத்து என்சியோ எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் வேறெங்கும் கண்ணை ஓட்டாமல் கிண்ணத்தையே பார்த்து உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"சாப்பிடு."

எடுத்து வாயில் வைத்தாள். பழம் இன்னும் சில்லிட்டிருந்தது. விதை பல்லில் நொறுங்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"நீங்களும் கொஞ்சம் எடுத்துக்குங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். வெட்கத்தையும் சேர்த்து அவள் விழுங்கினாள். கிண்ணம் காலியானதும், போதும் என்று சொல்வார் என எதிர்பார்த்து நிமிர்ந்தாள்.

"இன்னும் இருக்கு" என்று என்சியோ டப்பாவைச் சாய்த்து மிச்சத்தையும் அவள் கிண்ணத்தில் வழித்துப் போட்டார்.