ஊதி அணைத்த மெழுகுதிரி

சுவிஸில் நாங்கள் இருக்கும் கூர் நகரில் நேற்றுப் பின்னேரம் பனிப்புயலில் கரண்ட் போனது. ஐந்து மணிக்கே நல்ல இருட்டு. பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி மேசையில் வைத்தேன். என் ஏழு வயது மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. திடீரென்று கூரையில் கிடந்த பனி மொத்தமாகச் சரிந்து கீழே தொம்மென்று விழுந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் மெழுகுதிரியை ஊதிவிட்டேன்.

அந்த அதிர்வு எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் ஊரில் கரண்டே இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு எரிப்போம். ஷெல் விழுந்தால் அப்பா முதலில் விளக்கைத்தான் ஊதுவார். அணைந்த திரியின் புகை தொண்டையில் கரிக்கும். எல்லோரும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவோம்.

"ஆமி றோட்டால வரும். ஒருத்தரும் கதைக்கக் கூடாது," என்பார் அப்பா.

தம்பி அப்போது கைக்குழந்தை. அவன் அழத் தொடங்கினால் அம்மா உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்துவார். எனக்கு ஷெல்லைவிட அந்தக் கையில்தான் பயம். அவனுடைய கால்கள் என் வயிற்றில் உதைக்கும். அந்த உதை நின்றுவிடுமோ என்று அவன் பாதத்தைப் பிடித்தபடியே கிடப்பேன்.

கரண்ட் வந்தபோது நானும் மகளும் மேசைக்குக் கீழே இருந்தோம். என் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. எடுத்தேன்.

"நான் அழேல்லையே, அம்மா," என்றாள்.