தூசி அடைத்த வலை

நான் சாத்தூரில் பள்ளி ஆசிரியை. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த என் கணவர், ஒரு வெடி விபத்தில் முதுகும் மார்பும் வெந்து பிழைத்தவர். வெந்து ஆறிய தோல் வியர்க்காது. சூடு உள்ளேயே தங்கிவிடும். அதற்காகத்தான் ஏ.சி. வாங்கினோம்.

போன கோடையில் அதில் குளிர்ச்சி நின்றுபோனது. லேசாகக் காற்று மட்டும் வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, பெரிய செலவு என்று நானே முடிவுகட்டினேன். “சம்பளம் வந்ததும் ஆள் கூப்பிடுவோங்க” என்றேன்.

“ஈரத்துண்டு போதும். நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு” என்றார்.

எட்டாம் நாள் மாலை நான் வீடு திரும்பியபோது அவர்மேல் துண்டு காய்ந்து கிடந்தது. அவர் கண் திறக்கவேயில்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஏ.சி.யை விற்கலாம் என்று மெக்கானிக்கை அழைத்தேன். அவர் முன்மூடியைத் திறந்து, காற்றை வடிகட்டும் வலையை உருவினார். கம்பளிபோலத் தூசி. குழாயடியில் கழுவி மாட்டியதும் அறை ஜில்லென்றானது.

“கேஸ் நல்லாத்தான் இருக்கு டீச்சர். இத நீங்களே கழுவிருக்கலாமே” என்றார்.

நான் அதை விற்கவில்லை. எங்கள் தெருவில் தீக்காயத்தோடு படுத்திருக்கும் ஒரு அக்காவின் வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய் வலையை நானே கழுவுகிறேன்.

“எதுக்கு டீச்சர் நீங்க வாரீக? என் மக கழுவமாட்டாளா?” என்கிறார்.

அவரிடம் காரணம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

– பெயர் வேண்டாம், சாத்தூர்