வண்டியை விட்டு இறங்காதவள்

என் தங்கை குழல்வாய்மொழி ஏறினால் வண்டி நின்றுவிடும், இறங்கினால் ஓடும் என்று வடகரையில் ஒரு பேச்சு இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் அவளைக் கட்டிக்கொடுத்த கையோடு கிளம்பிய பேச்சு அது. சொன்னவர்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்குக் கீழப்பாவூர். வீட்டில் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் ஸ்டவ் ஊசியால் குத்திவிட்டு, பம்பின் தோல் வாசரை எண்ணெயில் ஊறவைத்து மாட்டி, நீலமாக எரிய வைத்துவிட்டுத்தான் மொழி எழுந்திருப்பாள். நாங்கள் அவளை மொழி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சாமான் ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளைத்தான் ராசியில்லாதவள் என்றார்கள்.

மாப்பிள்ளை சிவனணைந்தபெருமாள் வடகரையில் தென்னந்தோப்பும் வயலும் உள்ளவர். மலை எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பக்கவாட்டில் மரச்சட்டம், பின்னால் பலகைக் கதவு, உள்ளே ஒரு குடும்பமே உட்காரலாம். ஊர்க்காரர்கள் எல்லாக் காரையும்போல அதையும் பிளஷர் என்பார்கள். தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு வாரம் தவறாமல் தென்காசி போய்வரும். ஒருநாளும் நின்றதில்லை.

கல்யாணத்தன்று நின்றது. பெண்ணை அழைத்துக்கொண்டு போகும்போது, தென்காசியைத் தாண்டி இலஞ்சி ரோட்டில், நல்ல வெயிலில். மாப்பிள்ளை முன்மூடியைத் திறந்து எதையெதையோ தட்டிப் பார்த்தார். அசையவில்லை. மாமியார் ஆவுடையம்மாள் பெண்ணை இறங்கச் சொன்னார். பட்டுச்சேலையோடு மொழி எட்டத்தில் தெரிந்த புளியமரம்வரை நடந்தாள். அவள் நிழலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டி கிளம்பிவிட்டது.

"பாத்தீகளா? அவ எறங்கினதும் ஓடுது" என்றார் ஆவுடையம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஊர் போய்ச் சேருவதற்குள் அந்தச் சிரிப்பே தீர்ப்பாகிவிட்டது.

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போனார்கள். மறுபடி நின்றது. மொழியை இறக்கி நடக்க விட்டார்கள். மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"விசுவுக்குக் குத்தாலம் போணும். அன்னைக்கும் நின்னா, நீ அப்படியே ஒங்க அய்யா வீட்டுக்கு நடையக் கட்டிரு" என்றார் மாமியார்.

இரும்பு இஞ்சின் நின்றதற்குக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணைத் தள்ளிவைப்பது எந்த ஊர் நியாயம்? துரை அந்த வண்டியை எத்தனை காலம் மலையில் ஓட்டித் தேய்த்தார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. பெண்ணின் ஜாதகத்தை மட்டும் மறுபடி விரித்துப் பார்த்தார்கள்.

தென்காசியில் பட்டறை வைத்திருந்த அகமது கபீர் நல்ல வேலைக்காரர். பிளக், பாயிண்ட், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஆய்க்குடிவரை ஓட்டியும் பார்த்தார். "அண்ணாச்சி, எங்கிட்ட நிக்க மாட்டேங்குதே. நிக்காத வண்டிக்கு நான் என்னத்த வைத்தியம் பாக்க?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆவுடையம்மாளுக்கு அதுவும் ஒரு சாட்சியாகப் போயிற்று.

ஆனால் மொழி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். சாஸ்தா கோயில் வழியில் இறங்கி நடக்கும் முன், திறந்திருந்த மூடிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பெட்ரோல் பம்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதில் தெளிந்து நிற்க வேண்டிய பெட்ரோல், உலைத் தண்ணீர்போலக் குமிழ்விட்டுக் கொதித்துக்கொண்டிருந்ததாம். ஸ்டவ் பற்றவைக்கிறவளுக்கு அது போதும். சூடேறினால் எண்ணெய் ஆவியாகும். ஆவியைப் பம்ப் இழுக்காது. ஆறினால் மறுபடி இழுக்கும். அவள் நடந்து போகிற நேரம்தான் வண்டி ஆறுகிற நேரம்.

சரி, அவள் போகும்போது மட்டும் ஏன் அவ்வளவு சூடு? மாமியார் மத்தியானம் கண்ணசரும் வேளைகளில், புருஷனும் பெண்டாட்டியுமாக வண்டிக்கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். விசிறியின் வார் இறுக்கமாக இருந்தது. ரேடியேட்டரைக் கழுவி ஊற்றினார்கள், துரு வரவில்லை. நிறுத்திய இடத்திலேயே இஞ்சினை ஓடவிட்டார்கள். கிண்ணத்தில் குமிழ் இல்லை. கடைசியில் மொழி ஒரு கோணிச்சாக்கை எடுத்து, ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற முகப்புக் கம்பிகளின்மேல் தொங்கவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கிண்ணம் கொதித்தது. வண்டி இருமிக்கொண்டு நின்றது.

சாக்கு தொங்கிய இடத்தில் கல்யாணத்தன்று என்ன தொங்கியது? மாலை. கொழுந்தும் செவ்வந்தியும் அரளியும் வைத்து நெருக்கிக் கட்டிய மாலை. சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது, பெண்ணின் ராசி வண்டியைப் பிடிக்கக் கூடாதென்று மாமியார் அதைவிடப் பெரிய மாலையும் வேப்பிலைக் கட்டுமாகக் கட்டியிருந்தார். தேங்காய் ஏற்றும்போது மாலை கிடையாது. கபீரிடம் அனுப்பும்போது மாலையைக் கழற்றிக் குளத்தில் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

"ஒங்க அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றிருக்கிறாள் மொழி.

"சாமி மாலைய வேண்டாம்னு எங்க அம்மாகிட்ட யாரு சொல்லுதது?" என்றாராம் அவர். தோப்பில் அத்தனை ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷர்!

சித்திரை விசு அன்று மேலகரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வண்டியின் முகமே தெரியவில்லை. இரட்டை மாலை, வேப்பிலை, அதன்மேல் ஒரு சிவப்புத் துணி வேறு. மொழி என் காதில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, திருவிழாவுக்குப் போகிற மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, காசிமேஜர்புரம் பக்கம் வண்டி நின்றேவிட்டது.

"ஏ அண்ணாச்சி, பிளஷருக்குப் பருத்திக்கொட்டை வச்சீகளா? எங்காளைல ஒண்ண அவுத்துத் தரட்டா?" என்றார் ஒரு வண்டிக்காரர்.

ஆவுடையம்மாள் கதவைக் காட்டினார். "எறங்குட்டி."

"எறங்க மாட்டேன், அத்தை."

"என்னது?"

"வண்டி ஓடுதப்போ நான் உள்ளதான் இருப்பேன். அத நீங்க பாக்கணும்." பிறகு புருஷனிடம், "மாலையக் கழத்துங்க. பம்புல ஈரத்துணியப் போடுங்க" என்றாள். காலடியில் ஒரு தவலைத் தண்ணீர் வைத்திருந்தாள். குடிக்க என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவர் தம் அம்மாவைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானே இறங்கிப் போய் முடிச்சை அவிழ்த்தேன்.

"முத்துவடிவு! சாமி மாலைல கைய வைக்காத!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார் ஆவுடையம்மாள்.

"சாமி மாலையச் சாமிக்குப் போடுவோம் அத்தை. ரேடியேட்டருக்கு எதுக்கு?" என்றேன்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்தது. தோள் துண்டைத் தவலையில் முக்கி, பிழியாமல் கொண்டுபோய்ப் பம்பின்மேல் சுற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. மறுபடி முக்கினார்.

"பிளஷருக்குக் காய்ச்சல்லே! நெத்தியில துணி போடுதாரு" என்று கூட்டம் சிரித்தது. உள்ளே மொழி மடியில் கைவைத்து நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கால் பெருவிரல் மட்டும் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

ஸ்டார்ட்டரை அமுக்கினார். செருமியது. மறுபடி அமுக்கினார். பிடித்துக்கொண்டது. மொழி உள்ளேதான் இருந்தாள். குற்றாலம்வரை நிற்கவில்லை, திரும்பி வடகரை போகிறவரையும் நிற்கவில்லை.

மாமியார் ஒரு வார்த்தை வருந்திச் சொன்னாரா? கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, "மருமவளுக்கு இருந்த கண்டம் இன்னையோட கழிஞ்சுட்டு" என்றார். கண்டமாம்! ஊரும் அதையே திருப்பிச் சொன்னது. ஈரத்துண்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆவுடையம்மாள் மாலையை முகப்பில் கட்டவே இல்லை. யாரும் சொல்லாமலே பின்கதவில் கட்ட ஆரம்பித்தார். அப்படியென்றால் அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்தும் வாய்திறக்கவில்லை.

இதைச் சொல்லி நான் குமுறியபோது மொழி பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியை விற்கிறவரை சின்னப் பழுதையெல்லாம் அவளேதான் பார்த்தாள்.

"விடுக்கா. பெறகு யாரும் என்னைய எறங்கச் சொல்லலைல்லா" என்றாள்.

அவளுக்கு அது போதும். பின்கதவில் அந்த மாலை ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.