கிளிப்பச்சைச் சக்கரங்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, காலாண்டு விடுமுறையில் நான்கு நாட்கள் நானும் அத்தையும் ஒரு காரின் சக்கரங்களில் இருந்த பச்சை நிறத்தை உரித்துக்கொண்டிருந்தோம்.

அத்தை அப்பாவின் தங்கை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கிளியனூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான்கு டீச்சர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவள் தொழில். பொம்பளை கார் ஓட்டிப் பிழைப்பதா என்று பெரியப்பா முகம் சுளித்தபோது, அவள் பக்கம் நின்றவர் அப்பா ஒருவர்தான். நின்றதோடு விடாமல், விழுப்புரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் தன் பள்ளிக்கூடத்துத் தோழரிடம் அவளை அழைத்துப்போய் வண்டியும் பார்த்துக் கொடுத்தார். "நம்ம ஆளு. கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்றார். அவர் சொன்னபடியே அத்தை வாங்கினாள்.

வெள்ளைக் கார். இன்ஜின் சத்தமே கேட்காது. ஆனால் அலுமினிய அலாய் வீல் நான்கும் கிளிப்பச்சை. முன்னால் வைத்திருந்த பையனின் ஆசையாம். முதல் வாரம் டீச்சர்கள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் பிள்ளைகள் வண்டிக்குக் கிளியனூர் கிளி என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் வாரம் தலைமையாசிரியை, வண்டியை இனிமேல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திக்கொள்ள முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அத்தை விடுமுறை விட்ட மறுநாள் காலையில் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அவளுக்கு யோசனை சொல்லத் தெருவில் ஆள் பஞ்சமில்லை. எதிர்வீட்டு மெக்கானிக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார். "அலுமினியத்த அது தின்னுடும்ணா. வீலுக்குப் பதிலா சல்லடையதான் மாட்டிக்கினு போவணும்" என்றாள் அத்தை. வேறொருவர் இரும்புத் தகடு கொண்டுவந்து, இதைவைத்துச் சுரண்டினால் ஜல்தியாக வந்துவிடும் என்றார். அலுமினியம் மெத்தென்ற உலோகம், கோடு விழுந்தால் போகாது என்று அவரையும் திருப்பி அனுப்பினாள். எங்கே கற்றாள் என்று தெரியாது. தெரியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு சக்கரம் என்பது கணக்கு. கழற்றிய இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிடுவாள். கழற்றியதைப் பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டுபோய் டயரைப் பிரித்துக்கொண்டு வருவோம். பின்கட்டில் கோணிமேல் அதைக் கிடத்தி, கூழ் மாதிரி இருக்கும் பெயிண்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடிமனாகப் பூசி, காய்ந்துவிடாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையால் மூடுவாள். நெடி கண்ணைக் கரிக்கும். என்னைக் காற்று வரும் பக்கம் உட்காரவைத்து, முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிவிட்டிருந்தாள். அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு பையை எடுத்தால், பச்சை முழுவதும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்பளித்து நிற்கும். அதை என்னுடைய பிளாஸ்டிக் ஸ்கேலால் நான் தள்ளுவேன். பட்டை பட்டையாக வரும். பள்ளங்களில் ஒட்டியிருப்பதற்கு இன்னொரு முறை பூசி, இன்னொரு அரைமணி. கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது உள்ளேயிருந்து வெள்ளி மாதிரி ஒரு சக்கரம் எழுந்து வரும். அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகளை நான் வரிசையில் நிற்கவைத்து உள்ளே விட்டேன்.

மூன்று சக்கரங்கள் இப்படி முடிந்தன. நான்காவது, டிரைவர் பக்கத்து முன்சக்கரம். பூசி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பச்சை தானாக வழுக்கி இறங்கியது. எனக்குச் சந்தோஷம். அத்தைக்கு இல்லை.

"மத்த மூணும் சூளையில வச்சி சுட்ட கோட்டிங். இது மட்டும் சும்மா அடிச்ச பெயிண்ட்டா கீதே" என்றாள்.

நான் உட்பக்கத்து விளிம்பில் ஸ்கேலை ஓட்டினேன். ஓரிடத்தில் அது மெதுவாக உள்ளே இறங்கியது. சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி எதுவோ பெயர்ந்து வந்தது. சக்கரத்தையே உடைத்துவிட்டேன் என்று பயந்து கையை எடுத்துக்கொண்டேன். அத்தை ஸ்கேலை வாங்கி மீதியையும் சுரண்டினாள். பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். அதன் அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கரடுமுரடாக வெல்டிங் தழும்பு. துணியால் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். தழும்பு முடிந்த இடத்திலிருந்து தலைமுடி போல ஒரு கோடு இன்னும் மேலே ஏறிப் போயிருந்தது.

"இன்னா அத்த அது?"

"விரிசல்."

கிளியனூர் போகும் புதுச்சேரி ரோட்டில் தினமும் இரண்டு வேளை, நான்கு டீச்சர்களோடு, அந்தச் சக்கரத்தின் மேல் அவள் போய் வந்திருக்கிறாள். பிறகு என் கையுறையை அவளே கழற்றிவிட்டாள். "இத நீ பாக்கல. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். சக்கரத்தை முருங்கை மரத்தடியில் கொண்டுபோய்க் கோணி போட்டு மூடினாள்.

அவள் சொல்லப்போவதைக் கேட்க நான் சாயங்காலம் வரை காத்திருந்தேன். விழுப்புரத்துக்காரர் நன்றாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அப்பா வந்தார். வாசலில் நின்ற காரில் மூன்று வெள்ளிச் சக்கரமும் ஒரு கறுப்பு ஸ்டெப்னியும் இருந்ததைப் பார்த்தார்.

"நாலாவது எங்கம்மா?"

"காலைல கிளியனூர் வரைக்கும் ஒரு வேலையா போய்க்கினு இருந்தேண்ணா. பள்ளத்துல உட்டுட்டேன். வீலு வாயப் பொளந்துடுச்சி. எம்மேலதான் தப்பு."

காலையிலிருந்து வண்டி வாசலை விட்டு நகரவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். "போயி அப்பாக்குத் தண்ணி கொண்டா" என்றாள் அத்தை. அந்தக் குரலில் அவள் என்னிடம் அதற்கு முன் பேசியதில்லை.

தண்ணீர் கொண்டுவந்தபோது அப்பா அங்கே இல்லை. கால் கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தார். செம்போடு அங்கே போனேன். அவர் முருங்கை மரத்தடியில் குந்தியிருந்தார். கோணி விலகியிருந்தது. கட்டைவிரலால் அந்தத் தழும்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவிக்கொண்டுபோனார். ஒட்டியிருந்த பட்டியைக் கிள்ளி விரல்களுக்கிடையில் நசுக்கினார். பிறகு இருந்தது போலவே கோணியை மூடி, நான்கு மூலையையும் சரிசெய்துவிட்டு எழுந்தார். என்னைப் பார்த்ததும் செம்பை வாங்கிக் குடித்தார்.

உள்ளே வந்து அத்தையிடம், "பாத்து ஓட்டக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். இனிமேல் பார்த்து ஓட்டுகிறேன் என்றாள் அவள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மறுநாள் அப்பா, வேறு சக்கரம் வாங்கிவருகிறேன் என்று, அந்தச் சக்கரத்தைக் கோணியோடு தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பியபோது கையில் நல்ல வெள்ளிச் சக்கரம் ஒன்று இருந்தது. சட்டையில் மேல் பொத்தான் இரண்டு இல்லை. பஸ்ஸில் கூட்டம் என்றார். அம்மா ஊசியும் நூலும் எடுத்துவந்தாள். அத்தை அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நான்கு வெள்ளிச் சக்கரங்களோடு அத்தை கேட்டுக்குள்ளேயே போய் வண்டியை நிறுத்தினாள். தலைமையாசிரியை எதுவும் சொல்லவில்லையாம். ஆனால் சொந்தக்காரர்கள் நடுவில் அவள் வண்டியைப் பள்ளத்தில் விட்டவள் ஆகிப்போனாள். பொங்கலுக்கு வந்த பெரியப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "அந்த ரோட்ல யாரு ஓட்டியிருந்தாலும் அதான் ஆகியிருக்கும்" என்று அப்பா சொன்னார். அத்தை தலைகுனிந்து கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமாக வந்தது. ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறவள் எதற்காக இப்படிப் பேச்சு வாங்க வேண்டும்?

அப்பாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குச் சக்கரத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் நானும் அத்தையும் மட்டும்தான் என்று வெகுநாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.