சேவியர் பிடித்த கட்லா

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. நாகப்பட்டினத்திலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து தேனியில் இறங்கினேன். உத்தமபாளையத்துக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர். கம்பம் வண்டியில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வீரபாண்டி தாண்டியதும் நெல்வயல்கள். சின்னமனூருக்கு அப்பால் வாழையும் தென்னையும். மேற்கு மலையிலிருந்து இறங்கிய காற்று ஜன்னல் கண்ணாடியை விடாமல் உலுக்கியது.

"ஆடி முடியிற வரைக்கும் இப்படித்தேன் அடிக்கும்" என்றார் நடத்துனர்.

அந்தக் காற்றை நினைத்துத்தான் எனக்குப் பயம். சேவியர் நாகையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். புயல் அவருடைய படகையும் அதிலிருந்த தம்பி ஸ்டீபனையும் கொண்டுபோனது. உடல் கரைக்கு வரவேயில்லை. கடலைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி மேரியோடு இங்கே வந்து திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கேயும் காற்று எழுந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குவார். மேரிதான் அவரைத் தேனியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். தூக்கம் திரும்பியது, பேச்சு மெல்லத் திரும்பியது. போன வாரம் மேரி போன் செய்தாள்: "அக்கா, அவரு மறுபடி மீன் புடிக்கத் தண்ணியில எறங்குறேங்கிறாரு. நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்."

எட்டு மணிக்குக் கண்மாய்க் கரையில் நின்றோம். மீன் குத்தகை எடுத்திருக்கும் ஜமால் பாய் பரிசலைத் தயாராக வைத்திருந்தார். நீர்ப்பரப்பில் அலை எழுந்து கரையில் மோதியது. வலையைத் தோளில் போட்டிருந்த சேவியர் இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னைக்கு வேணாம்ணே. காத்து அடங்கட்டும், நாளைக்குப் பாப்பம்" என்றார் பாய்.

சேவியர் தலைகுனிந்தார். மேரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிசலில் ஏறித் துடுப்பை எடுத்தாள்.

"நான் தள்ளுறேன். நீங்க வலையப் பாருங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு ஏறினார்.

நடுக்கண்மாயில் பெருங்காற்று ஒன்று பரிசலைச் சுழற்றியது. மேரியின் பிடி நழுவியது. கரையில் நின்ற நான் கத்தியேவிட்டேன். சேவியர் ஒரே தாவலில் துடுப்பைப் பிடுங்கினார். முழங்காலிட்டு, காற்றுக்கு எதிராக நான்கைந்து முறை வலித்ததும் சுழற்சி நின்றது. அடுத்த நிமிடம் எழுந்து நின்று வலையை வீசினார். அது முழு வட்டமாக விரிந்து விழுந்தது.

"ஆத்தாடி, என்னமா வீசுறாக!" என்று பாய் கைதட்டினார். கரையில் இருந்தவர்கள் சீட்டியடித்தார்கள்.

வலையில் ஜிலேபி மீன்களோடு ஒரு பெரிய கட்லாவும் துள்ளியது. சேவியர் அதை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கி, "ஸ்டீபா! பாத்தியாடா!" என்று கத்தினார். தம்பி போனபின் அந்தப் பெயரை அவர் வாயால் கேட்பது அதுவே முதல்முறை என்றாள் மேரி, கரைக்கு வந்ததும். அழுதுகொண்டே சிரித்தாள்.

மாலையில் அவரே என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்தார். ஐஸ் போட்டுக் கட்டிய கட்லாவை மடியில் வைத்தார்.

"நாகைக்கா மீன் கொண்டுபோகச் சொல்றீங்க?" என்று சிரித்தேன். எங்கள் ஊரில் குளத்து மீனை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

"கொண்டுபோங்கக்கா" என்றார். "யாரு குடுத்ததுன்னு தெருவுல கேப்பாங்கல்ல? சேவியர் புடிச்சதுன்னு சொல்லுங்க."