கூட்டத்துக்கு எதிரே ஒரு பூனைக்கூடை

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் கற்பூரக் கடை வைத்திருக்கிறேன். பௌர்ணமி வியாபாரம் சூடுபிடிக்குமுன், கடைக்குள் திரிந்த தெருப்பூனையைக் கூடையில் அடைத்து, கடையைப் பூட்டிவிட்டு, கருத்தடைக்காகப் பிராணிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா அதன் வயிற்றைப் பார்த்ததும், “பால் குடுக்குற பூனை இது. குட்டிங்க எங்க? அதுங்க பால் மறந்தப்புறம் கொண்டாங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குட்டிகள் பூட்டிய தகரக் கடைக்குள்தான் இருக்க வேண்டும்!

திரும்புவதற்குள் போலீஸார் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கூடையோடு கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே நடந்தேன். ஓரடி வைத்தால் இரண்டடி பின்னால் தள்ளினார்கள்.

“எதிர்ல வராதீங்கம்மா, சுத்திக்கினு போங்க!”

மலையைச் சுற்றினால் பொழுதே போய்விடும். வெயில் ஏறியது. கூடைக்குள் தாய் ஓயாமல் கத்தியது.

ஒருவழியாகக் கடையைத் திறந்தேன். கற்பூரப் பெட்டிகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகள் உயிரோடு இருந்தன.

இப்போதெல்லாம் கருத்தடைக்கு எந்தப் பூனையைப் பிடித்தாலும் முதலில் அதன் மடியைப் பார்க்கிறேன். கடையைப் பூட்டுமுன் உள்ளே ஏதாவது கத்துகிறதா என்று நின்று கேட்கிறேன்.