காவடிக்கு விமானத் தகடு வாங்கப் போனது

எனக்கு வயது அறுபத்தெட்டு. நான் பெற்றது ஐந்து, கண்ணை மூடிய என் தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்தேன். ஏழும் உருப்படி. மூன்றாவது மகன் முருகையா மட்டும் போன வருடம் லாரியிலிருந்து சறுக்கி விழுந்து வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். அவனுக்காகத்தான் நான் சிங்கப்பூர் போனேன். எங்கள் மலாக்கா காஜா பெராங்கில் என் வயதுப் பொம்பளை ஒருத்தியும் அவ்வளவு தூரம் தனியாகப் போனதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவன் பெண்டாட்டி பிரசவத்தில் பிழைக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டபோது, செங் மலைக் கோயிலுக்கு மூன்று வருடம் மாசி மகத்தில் காவடி எடுப்பதாக முருகையா நேர்ந்துகொண்டான். அவள் பிழைத்தாள். இரண்டு வருடம் எடுத்தான். மூன்றாவது வருடத்துக்குள் முழங்கால் போய்விட்டது. என் வீட்டுக்காரர் செய்த காவடி தேக்கும் இரும்புமாக அறுபது ராத்தல். அதைத் தூக்கினால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். தூக்காவிட்டால் சாமிக்குக் கடன். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை ராத்திரியெல்லாம் புரண்டான்.

முந்தைய மாசியில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் பளபளவென்று ஒரு காவடி கொண்டுவந்திருந்தார். அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயம் நான் தூக்கிப் பார்த்தேன். முறத்தைத் தூக்குவதுபோல் இருந்தது. கேட்டதற்கு, ஆகாயக் கப்பல் தகடு, சுங்கை ரோட்டுக்குப் பின்னால் ஒரு பாய் வைத்திருக்கும் பழைய இரும்புக் கொட்டகையில் கிடைக்கும் என்றார். இதை எங்கள் காவடிக் கூட்டத்தின் தலைவர் வேலாயுதத்திடம் சொன்னேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்க்கா, பாரமே இல்லாம எடுத்தா அது காவடியா? குடை பிடிச்சிக்கிட்டுப் போற மாதிரிதான். சாமி ஏமாந்துருவாரா?"

"சாமி ஏமாற மாட்டாரு தம்பி. நீதான் பாக்காமலே பேசுற. வாங்கிட்டு வந்து காட்டுறேன், அப்புறம் சொல்லு" என்றேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், ஆனபின் வந்த முதல் தை மாதம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று சக்கரப் பெச்சாவில் ஐம்பது காசு கொடுத்து டாக்சி நிற்கும் இடம் போய்ச் சேர்ந்தேன். டிரைவர் மணியம் எங்கள் லோரோங் சந்தில் வளர்ந்த பையன். இப்போது அவனுக்கே நாலு பிள்ளை. சிங்கப்பூருக்கு ஆளுக்கு எட்டு வெள்ளி. பின்சீட்டில் ஒரு சீனத் துணிக்கடைக்காரரும் ஒரு மலாய்த் தம்பதியும். எனக்கு முன்சீட்டு. வயதுக்கு மரியாதை.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மூவார் இருபத்தெட்டு மைல். அங்கே ஆற்றுக்குப் பாலம் இல்லை. கார், லாரி ஏற்றும் காடி படகில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். எல்லோரும் இறங்கினோம். இரும்புப் பலகையைச் சாய்த்துப் போட்டு, லாரியும் காடியும் படகுக்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாட்டி, பயமா?" என்றான் மணியம். "போன சண்டை முடிஞ்சப்ப நான் போர்ட்டிக்சன் கடற்கரைல இருந்தேன். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான் பாருங்க, கப்பல் நேரா மணல்லயே வந்து ஏறிச்சு. முன்பக்கம் வாயைத் தொறந்துச்சு. உள்ளேருந்து லாரி லாரியா கக்கிச்சு. அமெரிக்காக்காரன் கட்டின கப்பலாம். அதுக்கு முன்ன சண்டைக்குப் போறவன் சின்னப் படகுல எறங்கி, துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிட்டுத் தண்ணில நடப்பானாம்."

"அதுவும் காவடிதானே" என்றேன். படகுக்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

மூவாரிலிருந்து பத்து பகாட் ஊர் முப்பத்திரண்டு மைல். அங்கேயும் ஒரு படகு. அதைத் தாண்டி ஆயர் ஈத்தாம் போகும் வழியில்தான் எனக்குச் சோதனை வந்தது. ரோட்டை மறித்துக் கட்டை. சாக்கு அடுக்கிய காவல். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரனுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அதனால் அந்தப் பக்கத்தில் அரிசி, சோறு, டின் மீன் எதுவும் ரோட்டில் கொண்டுபோகக் கூடாது. எங்கள் மலாக்காவில் அந்தச் சட்டத்தை எடுத்து வருடக்கணக்காகிவிட்டது, நான் மறந்தே போனேன். மடியில் நாலு பொட்டலம் புளிச்சோறு.

காவலில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நம் பையன், பக்கத்துத் தோட்டத்துக்காரன். "ஆயா, இது போகாது. இங்கயே போட்டுட்டுப் போங்க" என்றான்.

"சோத்தைக் கீழ போடவா? நான் வளத்த ஏழுல ஒண்ணுகூட ஒரு பருக்கை கீழ போட்டதில்ல."

"சட்டம் ஆயா. வண்டில போகக் கூடாது."

"வயித்துல போகலாமா?"

அவன் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தான். "வயித்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அப்புறம் என்ன, ஒன்பதரை மணிக்கு ரோட்டோரம் பால் வெட்டும் கித்தா மரத்து நிழலில் பொட்டலத்தைப் பிரித்தேன். சீனர், மலாய்த் தம்பதி, மணியம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். காவல்காரனுக்கும் ஒரு உருண்டை. அவன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தின்றான். சின்னதாக, விளையாட்டுச் சாமான்போல இருந்தது.

"இது என்னப்பா, பிள்ளைங்க துப்பாக்கியா?"

"அமெரிக்காக்காரன் போன சண்டையில செஞ்சது ஆயா, கார்பைன். முன்ன எங்கிட்ட இருந்தது வெள்ளைக்காரன் நீட்டத் துப்பாக்கி, ஒம்போது ராத்தல். ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்து விடணும். இது அஞ்சு ராத்தல்தான், விரலை அழுத்த அழுத்த வெடிக்கும்."

"அப்ப உனக்கு சொகம்."

"எங்க சொகம்? துப்பாக்கிதான் லேசாச்சேன்னு ரவையை ரெட்டிப்பாத் தூக்க விட்டுட்டாங்க!"

இந்தப் பேச்சு எனக்கு நன்றாகப் பதிந்தது. லேசாக்கினால் மட்டும் போதாது, லேசாக்கியதை அப்படியே விடவும் வேண்டும்.

ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் சேர மணி ஒன்றரை. ஊர் பெரிய ஊர்தான். ஆனால் ஒருவரும் ஒருவரைப் பார்த்துப் பசியாறியாச்சா என்று கேட்பதைக் காணோம். மணியம் சுங்கை ரோட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் நாலரைக்கு அதே இடத்துக்கு வருவதாகச் சொன்னான். இரண்டு சந்து விசாரித்து பாய் கொட்டகையைக் கண்டுபிடித்தேன்.

கொட்டகையா அது! மூன்று சண்டையைக் கொண்டுவந்து கொட்டி வைத்திருந்தார்கள். பாய் கடையநல்லூர்க்காரர், வெள்ளைத் தாடி, கப்பலில் சமையல் வேலை பார்த்தவர், வாய் ஓயாது. காவடி என்றதும் எழுந்துவிட்டார்.

"உக்காருங்கம்மா. மொதல்ல பாருங்க, அப்புறம் வாங்குங்க." இரும்புத் தொப்பி இரண்டை எடுத்து வந்தார். ஒன்று தட்டுபோல் சப்பை. "மொத பெரிய சண்டையில அமெரிக்காக்காரனும் இதே மாதிரிதான் போட்டான். தலைக்கு மேல வர்ற குண்டுக்கு மட்டும் குடை. காதுக்கு ஒண்ணுமில்ல." மற்றது குண்டான்போல ஆழம். "இது ரெண்டாவது சண்டை. உள்தொப்பி வேற, வெளித்தொப்பி வேற. வெளித்தொப்பியக் கழட்டி முகம் கழுவுவான், காப்பிகூட காச்சுவான்."

"இதுல சாம்பார் நாலு பேருக்கு வைக்கலாமே" என்றேன்.

"பத்துப் பொம்பளைங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க!"

அப்புறம் ஒரு நீளக் குழாயைக் காட்டினார். டாங்கி என்கிற இரும்பு வண்டியை உடைக்க முன்பெல்லாம் சக்கரம் வைத்த பீரங்கியை நாலைந்து பேர் இழுத்தார்களாம். இரண்டாவது சண்டையில் இந்தக் குழாயை ஒருவன் தோளில் வைத்தே வெடித்தானாம். மூன்றாவது கொரியாச் சண்டையில் வந்த டாங்கி இதற்கு மசியவில்லையாம். அதற்காக இன்னும் பெருத்த குழாய் செய்தார்கள். ஆனால் அலுமினியத்தில் செய்து, இரண்டாகக் கழற்றித் தூக்கும்படி செய்தார்கள். ஆகாயக் கப்பலும் அப்படியே. முதல் சண்டையில் மரச் சட்டத்தில் துணியை இழுத்து ஒட்டிப் பறந்தார்களாம். இரண்டாவதில் எல்லாம் அலுமினியத் தகடு. கொரியாவில் முன்னால் சுற்றும் விசிறியே கிடையாதாம், பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஓடுமாம்.

"சண்டைக்குச் சண்டை மாத்திக்கிட்டே இருக்கான் பாய். எங்க முருகன் ஒரே வேல்தான், ஒரே சண்டைல முடிச்சுட்டான்" என்றேன்.

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பின்பக்கம் ஒரு விமானத்தின் உடம்பு கிடந்தது, வால் இல்லாமல். தொட்டுப் பார்த்தேன். நல்ல தகடு, நல்ல குழாய். ஆனால் கை நின்றுவிட்டது. இது எத்தனை வீட்டின்மேல் குண்டு போட்டதோ? அதை என் பிள்ளை தோளில் ஏற்றி, பால் செம்பைக் கட்டி, சாமி முன் நிறுத்துவதா? வேலாயுதத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு யாரிடம் பதில் சொல்வது? வாங்காமலே திரும்பிவிடலாம் என்றுகூட எண்ணினேன்.

"பாய், உண்மையச் சொல்லுங்க. இது குண்டு போட்டதா?"

பாய் முதல்முறையாக நிதானமாகப் பேசினார். "இல்லம்மா. இது டகோட்டா. அமெரிக்காக்காரன் சாமான் ஏத்தச் செஞ்சது, குண்டு போடுற எடமே இதுல கெடையாது. கதவப் பாருங்க, எவ்வளவு அகலம். நம்ம காட்டுக்குள்ள சிப்பாய்ங்களுக்கு அரிசியும் டின்னும் பாராசூட்ல கட்டிப் போட்டுச்சு. சண்டைக்குத்தான் பறந்துச்சு, இல்லேங்கல. ஆனா இது போட்டது சோறுதான்."

காலையில் என் சோற்றைத் தடுத்தார்களே, அந்தக் காட்டுக்கு மேலிருந்தே இது சோறு போட்டிருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசும் இறங்கியது. சரி, வெட்டலாம் என்றேன். வெட்டுமுன் ஒரு கற்பூரம் காட்டுவோமே என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, தரையில் வைத்து, தீக்குச்சியை உரசினேன்.

"யா அல்லா! அம்மா, அணைங்க! கீழ பூரா பெட்ரோல்!" பாய் தாடியோடு பறந்து வந்து குச்சியை ஊதினார். மூன்று சண்டையும் அழிக்காத கொட்டகையை மலாக்காக்காரி அழிக்கப் பார்த்தாளே என்று அவர் டீ வரவழைத்துக் குடித்தார், எனக்கும் ஒன்று. கடைசியில் ரோட்டிலேயே கற்பூரம் காட்டினோம். தகடும் குழாயும் ஒரு காட்டி எடைக்கு எண்பது காசு. சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது அதே கட்டையில் அதே பையன். சாக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். "ஆயா, இதே எடையில எனக்கு ஒரு துப்பாக்கி செஞ்சு குடுங்களேன்!"

வீடு வந்து, கொல்லர் ஒருவரிடம் கொடுத்து வளைத்துப் பூட்டினோம். அரிசிக்கடைத் தராசில் இருபது ராத்தல். செய்தி பரவியதும் தெருவே வந்துவிட்டது. லேசாக இருக்கிறதாம், இந்த மணியைக் கட்டு, இந்தப் படத்தை மாட்டு, என் வேண்டுதலுக்கும் ரெண்டு செம்பு தொங்கவிடு என்று ஆளுக்கு ஒன்று. நான் காவடிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மயிலிறகு தவிர ஒன்றும் ஏறவிடவில்லை. இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மாசி மகத்தன்று முருகையா அதைத் தோளில் ஏற்றினான். முன்னிரண்டு வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்தையே நினைத்து நடந்தவன். இந்த முறை மேளம் கேட்டதும் நல்ல காலை ஊன்றி ஆடத் தொடங்கிவிட்டான். வலது கால் சும்மா தாளம் போட்டது. மலையடிவாரத்தில் நின்று அவன் ஆடிய ஆட்டத்தில் மேளக்காரர் நிறுத்த மறந்தார். அவன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பின்வரிசையிலிருந்து வேலாயுதம் கத்தினார்: "டேய் முருகையா, போதும்டா! சாமிக்கே வேர்த்துருச்சு! பின்னால இத்தனை பேரு பாரத்தோட வெயில்ல நிக்கிறோம், நகருடா!"

நகர்ந்தான். மேலே போய் இறக்கி வைத்தான். கடன் தீர்ந்தது, கால் இருக்கிறது.

சிங்கப்பூரில் மாடி உயரம், ரோடு அகலம், டீ பதினைந்து காசு. எங்கள் ஊரில் டீ பத்துக் காசு, குடித்து முடிப்பதற்குள் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய ஊர் அது. இருப்பதற்கு இதுவே போதும்.

பேத்தி செல்வி, இங்கே வா கண்ணு. எழுத்து கோணியிருந்தாலும் கூட்டிப் படி. முதலிலிருந்து படிக்கவேண்டும், தாண்டக் கூடாது. உன் சித்தப்பா ஆடின இடம் வந்ததும் கொஞ்சம் சத்தமாகப் படி. அவ்வளவு நேரம் ஆடவே இல்லை என்று சாதிக்கிறான். அங்கே படுத்திருக்கிறான் பார், காதில் விழட்டும்.